கசூரினாவா, சாட்டியா, மணற்காடா?

நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற சொந்தக்காரர் எல்லாரும் ஒருநாள் கடலுக்குப் போகக் கேட்பார்கள். ஊரில் யாரை விசாரித்தாலும் வருகிற பதில் காரைநகரின் கசூரினாக் கடற்கரைதான். எனக்கு அது போதாது. யார் குளிக்கப் போகிறார்கள், அந்த மாதம் எந்தக் காற்று வீசுகிறது என்று இரண்டையும் பார்த்துத்தான் கரையைத் தெரிவு செய்ய வேணும்.

சின்னப் பிள்ளைகளோடு ஆடி, ஆவணியில் வருகிறவர்களுக்கு நானும் கசூரினாவைத்தான் சொல்வேன். யாழ். நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர். வட்டுக்கோட்டைப் பக்கத்தால் போய், பொன்னாலைப் பாலத்தைக் கடந்தால் காரைநகர். கரையெல்லாம் சவுக்கு மர நிழல். கடலுக்குள் வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான். அப்போது சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வீசும், இந்தக் கரையோ வடக்குப் பார்த்தது. அதனால் அந்த மாதங்களில் கடல் பெரும்பாலும் குளம்போலக் கிடக்கும். அந்த அமைதியிலும் ஒரு ஆபத்து உண்டு: காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால், காற்றடைத்த ரியூபில் மிதக்கிற பிள்ளை தெரியாமலே வெளியே போய்விடும். கைப்பிடி தூரத்தில் பெரியவர் ஒருவர் நிற்கத்தான் வேணும். சனி, ஞாயிறில் சனம் நிறையும். கிழமை நாளில் வெள்ளனப் போனால் நிம்மதி.

மார்கழி லீவில் வருகிறவர்களுக்கு என் பதில் வேறு. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. கசூரினாவில் அலை எழும்பி, தண்ணீர் கலங்கிவிடும். வேலணைத் தீவின் தென்கரையில் இருக்கிற சாட்டிக்கு அப்போது தீவே மறைப்பு. மழை விட்ட ஒரு பின்னேரம் பார்த்து, பண்ணைப் பாலத்தால் அல்லைப்பிட்டி கடந்து போகலாம். சாட்டி சின்னக் கரை, முழுநாளுக்குக் காணாது. சிந்தாத்திரை மாதா கோவிலுக்கும் போய், இருட்டுவதற்குள் நகருக்குத் திரும்பிவிடலாம். சோளகத்தில் இங்கே காற்று நேரே முகத்தில் அடிக்கும்.

இரண்டையும் ஒரே நாளில் பார்க்க விரும்பினால் நகருக்குத் திரும்பி வரத் தேவையில்லை. காரைநகருக்கும் வேலணைத் தீவிலேயே இருக்கிற ஊர்காவற்றுறைக்கும் இடையில் பாதை என்கிற மிதவைப் படகு ஓடுகிறது, மோட்டார் சைக்கிளையும் ஏற்றலாம். நடுக்கடலில் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய கடற்கோட்டையும் கண்ணில் படும். கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று காலையிலேயே துறையில் கேட்டு வையுங்கள்.

குளிக்கிற எண்ணம் இல்லாதவர்களை நான் பருத்தித்துறைப் பக்கம், வடமராட்சியில் இருக்கிற மணற்காட்டுக்குத்தான் அனுப்புவேன். மணற்காட்டுக் கடல் கிழக்குப் பக்கம் திறந்து கிடக்கிறது. கால் நனைக்கலாம், பிள்ளைகளை இறக்கக்கூடாது. ஆனால் யாழ்ப்பாணத்தில் இப்படி மணற்குன்றுகளை வேறெங்கே காண்பது? குன்றுகளுக்கு நடுவே மணல் மூடிய பழைய அந்தோனியார் கோவிலின் சுவர்கள் நிற்கின்றன. 2004 சுனாமி இந்தக் கரையை மோசமாக அடித்தது. இங்கே வீடிழந்து, உறவிழந்து, திரும்பவும் தொழிலுக்குப் போன சனம் வாழ்கிறது. வலைக்கு மேலால் நடப்பதும், மீனவரின் வாடிக் குடிசைக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுப்பதும் வேண்டாம். குன்றுகளில் சறுக்கி விளையாடுவதையும் விடுங்கள். மணலைப் பிடித்து வைத்திருக்கிற கொடிகள் அறுந்தால் காற்று மணலை ஊருக்குள் கொண்டுவரும்.

நகரிலிருந்து 750ஆம் இலக்க பஸ்ஸில் பருத்தித்துறைக்கு வந்து, அங்கிருந்து ஓட்டோ பிடிக்கலாம். போகிற வழியில் வல்லிபுர ஆழ்வார் கோவில். ஞாயிற்றுக்கிழமையில் கூட்டம் அதிகம். பருத்தித்துறையிலேயே தட்டைவடையும் தண்ணீர்ப் போத்தலும் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வருவதற்கும் ஓட்டோவை அப்போதே பேசி வைப்பது நல்லது, மணற்காட்டில் நினைத்த நேரத்துக்குக் கிடைக்காது.