பயிற்றுநரா, நடுவரா? ரோபோ போட்டியில் ஆசிரியருக்கான இடம்

தேசியக் கல்விக் கொள்கை 2020, ஓர் ஆசிரியர் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது பணித்திறன் மேம்பாட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. அக்கொள்கையைப் பற்றித் தமிழ்நாட்டில் எத்தனை சண்டை இருந்தாலும், அந்த மணிக்கணக்கை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்வி நெல்லைச் சீமை ஆசிரியர்களுக்கும் உண்டு. மாணவர்களின் ரோபோ போட்டிகளைக் கொண்டு நிரப்பலாம் என்பவர்கள் மூன்று வழிகளைச் சொல்கிறார்கள்.

போட்டிக்கு முன்பே இரண்டு நாள் பணியிடைப் பயிற்சி கொடுத்துவிடுவது முதல் வழி. செலவு குறைவு, வருகைப் பதிவேட்டில் கணக்கும் சுத்தமாக இருக்கும். ஆனால் பயிற்சியில் ஆர்டுயினோ என்னும் நிரல் ஏற்றும் சிறு மின்னணுப் பலகையில் எல்இடியை எரியவைத்த ஆசிரியர், பள்ளிக்குத் திரும்பியதும் அப்பலகையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது.

இரண்டாவது வழியில் ஆசிரியர் ஓர் அணியின் பயிற்றுநராகப் பருவம் முழுவதும் உடனிருக்கிறார். இதில் கற்றல் ஆழமானது. அம்பாசமுத்திரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தரையில் போட்ட கோட்டின் வழியே தானாக ஓடும் வண்டியைச் செய்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்தேன். வகுப்பறையில் கறுப்பு நாடாவின் மேல் பிசகாமல் ஓடிய வண்டி, போட்டிக் கூடத்தில் சன்னலோரம் வந்ததும் தடம் மாறியது. வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் இருப்பதால், அதே கதிரைக் கொண்டு தடம் அறியும் உணரிக்குக் கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகத் தெரிகிறது என்பதை அவர்களே கண்டுபிடித்து, கறுப்புச் சார்ட் அட்டையை வெட்டி உணரிக்குக் குடை கட்டினார்கள். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான் அவர்களுடைய ஆசிரியர் கற்ற பாடம். எல்லோராலும் அப்படி நிற்க முடிவதில்லை. கோப்பை ஆசை வந்துவிட்டால் ஸ்குரூ டிரைவர் ஆசிரியர் கைக்குப் போய்விடுகிறது. 2004இல் தொடங்கிய உலக ரோபோ ஒலிம்பியாடில் போட்டிப் பகுதிக்குள் பயிற்றுநரை விடாததன் காரணம் இதிலேயே விளங்கும். மேலும், மாணவர்கள் கருவிகளைச் செய்து பழக ஒன்றிய அரசு உதவும் அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்கான 20 லட்சம் ரூபாய் மானியம் கிடைத்த பள்ளிக்கு இவ்வழி எளிது. கிடைக்காத பள்ளியின் ஆசிரியர் கதை வேறு.

மூன்றாவது வழி, ஆசிரியரை வேற்றுப் பள்ளி அணிகளுக்கு நடுவராக அமர்த்துவது. என் ஓட்டு இதற்குத்தான். ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்னும் மாணவர் ரோபோ போட்டியில் ரோபோ களத்தில் ஓடுவது இரண்டரை நிமிடம் மட்டுமே. வடிவமைப்பை ஏன் இப்படிச் செய்தோம் என்று மாணவர்கள் நடுவரிடம் விளக்குவதற்கும் மதிப்பெண் உண்டு. அந்த மேசையில் ஒரு நாள் உட்காரும் ஆசிரியர், ஒரே சிக்கலைப் பல அணிகள் பலவிதமாகத் தீர்த்திருப்பதைப் பார்க்கிறார். தன் பிள்ளைகள் அங்கே இல்லாததால் வெற்றி தோல்விப் பதற்றமும் அவருக்கு இல்லை. நிரல் எழுதத் தெரியாத தமிழாசிரியர்கூட, “இது முதலில் எப்படித் தோற்றது?” என்று கேட்கலாம், பல நேரம் நல்ல பதிலை வரவழைப்பது அக்கேள்விதான். கருவி வாங்கும் செலவும் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. ஒரே நாளில் முடிந்துவிடுவதால், பயிற்றுநருக்குக் கிடைக்கும் தொடர்ச்சி நடுவருக்குக் கிடைக்காது. ஆகவே முதலாண்டு நடுவர், மறு ஆண்டு பயிற்றுநர் என்ற வரிசை பொருந்தும். வள்ளியூர் ஆசிரியர் பாளையங்கோட்டைக்கு நடுவராகப் போகும் நாளைப் பிறபணியாக (ஆன் டியூட்டி) ஏற்க வேண்டும். போட்டி முடிந்த வாரத்தில் நடுவர்களை முனைஞ்சிப்பட்டி மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் ஒரு பிற்பகல் கூட்டி, எந்தக் கேள்வி மாணவரைப் பேசவைத்தது, எது வாயடைத்தது என்று அலசச் செய்தால், அந்த அரைநாளையும் 50 மணி நேரத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.