நைரோபியில் ஓரிரு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கென்யாவின் காட்டுயிர்க் காப்பகங்களான மாசாய் மாராவுக்கோ அம்போசெலிக்கோ செல்லும் வழியில் அந்நாட்டின் தலைநகர் நைரோபியில் ஓரிரு நாள் மட்டும் தங்குபவர்கள், அங்குள்ள காட்டுயிர் இடங்களையும் அருங்காட்சியகங்களையும் முழுவதுமாகப் பார்த்துவிட முடியாது. எதை விடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது.

காட்டுயிர்களைப் பொறுத்தவரை நகரின் தெற்கிலும் தென்மேற்கிலும் மூன்று இடங்கள் போட்டியிடுகின்றன. 1946ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட நைரோபி தேசியப் பூங்கா, கென்யாவின் முதல் தேசியப் பூங்காவாகும். 117 சதுர கிலோமீட்டர் பரப்பு மட்டுமே கொண்ட இதில் யானைகள் இல்லை. ஆனால் சிங்கம், சிறுத்தை, காட்டெருமை, காண்டாமிருகம் ஆகியவை சுதந்திரமாக உலவுகின்றன. அவற்றுள் காண்டாமிருகத்துக்காகவே இங்கு வரலாம்; பரந்த மாராவில் அரிதாகவே கண்ணில் படும் கறுப்புக் காண்டாமிருகத்தை, வானளாவிய கட்டடங்கள் பின்னணியில் தெரிய, இங்கே காணும் வாய்ப்பு அதிகம். நகரை ஒட்டிய மூன்று பக்கங்களிலும் வேலி உண்டு. தெற்கே ம்பகாத்தி ஆற்றுப் பக்கம் மட்டும் திறந்திருப்பதால், வரிக்குதிரைகள் பருவத்துக்கேற்ப ஆத்தி சமவெளிக்குப் போய்வர முடிகிறது. கிட்டெங்கெலா பகுதியில் பெருகிவரும் குடியிருப்புகள் அந்த வழியையும் சுருக்கி வருகின்றன. பூங்காவின் குறுக்கே உயர்ந்த தூண்களின் மேல் புதிய ரயில் பாதையும் ஓடுகிறது. அந்தப் பாலம் புகைப்படத்தைக் கெடுப்பதாகச் சிலர் குறைப்படுவதுண்டு; பூங்காவின் இன்றைய நிலையை அது உள்ளபடி காட்டுகிறது என்பேன். வாகனத்தைவிட்டு இறங்க அனுமதிக்கப்படும் சில இடங்களுள் ஒன்று, 1989ஆம் ஆண்டு அதிபர் டேனியல் அராப் மோய் 12 டன் யானைத் தந்தங்களுக்குத் தீயிட்ட இடமாகும். 2016ஆம் ஆண்டு நூறு டன்னுக்கும் மேற்பட்ட தந்தங்கள் இதே பூங்காவில் எரிக்கப்பட்டன.

பூங்காவின் ஓரத்தில் இயங்கும் ஷெல்ட்ரிக் யானைக்குட்டிகள் காப்பகத்தில் நிலைமை நேர்மாறானது. பூங்காவில் சிங்கத்துக்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். இங்கோ, முன்பதிவு செய்தவர்களுக்கு முற்பகல் 11 மணி முதல் ஒரு மணி நேரம் தாயை இழந்த குட்டிகளை நிச்சயமாகக் காட்டுவார்கள். டாஃப்னி ஷெல்ட்ரிக் தம் கணவர் டேவிட்டின் நினைவாக 1977ஆம் ஆண்டு தொடங்கிய அமைப்பு இது. பசும்பாலின் கொழுப்பு யானைக்குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாததால், பல ஆண்டுகள் முயன்று, தேங்காய் எண்ணெய் சேர்ந்த குழந்தைப் பால்மாவுக் கலவையே ஏற்றது என்று அவர் கண்டறிந்தார். இரவில் குட்டிகளின் கொட்டடியிலேயே பராமரிப்பாளர்கள் உறங்குகிறார்கள்; வளர்ந்த யானைகள் படிப்படியாக ட்சாவோ காட்டுக்குத் திரும்புகின்றன. கூட்டம் நெருக்கும் என்றாலும், அந்த ஒரு மணி நேரத்தில் பராமரிப்பாளர்கள் தரும் விளக்கங்களுக்காகவே போகலாம்.

லாங்காட்டாவிலுள்ள ஒட்டகச்சிவிங்கி மையத்தை நான் மூன்றாவதாகவே வைப்பேன். அழிவின் விளிம்பிலிருந்த ராத்ஸ்சைல்ட் வகையைக் காக்க எடுத்த முயற்சி பாராட்டுக்குரியது. ஆனால் உயர்ந்த மேடையில் நின்று தீவனம் ஊட்டிய பிறகு அங்கே செய்வதற்கு அதிகம் இல்லை. குழந்தைகளுடன் செல்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளலாம்.

அருங்காட்சியகங்களில், மியூசியம் ஹில்லில் உள்ள நைரோபி தேசிய அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது வேண்டும். 1984ஆம் ஆண்டு துர்கானா ஏரியின் மேற்குக் கரைப் பகுதியில் கமோயா கிமியு முதலில் கண்டெடுத்த எலும்புத் துண்டிலிருந்து வெளிப்பட்ட 'துர்கானா சிறுவன்' என்ற ஆதிமனித எலும்புக்கூடு இங்கே இருக்கிறது; அவன் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். பறவைக் கூடம் பெரியது. கென்யாவின் முதல் அதிபர் ஜோமோ கென்யாட்டா தனி ஆணையின் மூலம் பாதுகாப்பு அளித்த மார்சபிட் யானை அகமதின் முழு உருவச் சிலை முற்றத்தில் நிற்கிறது. அருகிலுள்ள பாம்புப் பண்ணையை நேரம் மிஞ்சினால் பார்த்தால் போதும்.

புறநகரிலுள்ள கேரன் பிளிக்சன் அருங்காட்சியகம், அந்த டேனிஷ் எழுத்தாளர் காப்பித் தோட்டம் நடத்தி 1931ஆம் ஆண்டு கைவிட்டுச் சென்ற வீடாகும். அந்த வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' நூலைப் படித்திராதவர்களுக்கு அது அழகான பழைய பங்களாவாக மட்டுமே தோன்றும்.

அதைவிட, பயணிகள் பெரும்பாலும் கவனிக்காத ரயில்வே அருங்காட்சியகத்தைப் பரிந்துரைப்பேன். 1899ஆம் ஆண்டு உகாண்டா ரயில் பாதைக்கான முகாமாகத் தோன்றிய ஊர்தான் நைரோபி; அந்தப் பாதையை அமைத்தவர்களில் பெரும்பாலோர், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள். 1900ஆம் ஆண்டு கிமா நிலையத்தில், ஆட்கொல்லிச் சிங்கத்தைச் சுடக் காத்திருந்து கண்ணயர்ந்த காவல் அதிகாரி சார்லஸ் ரயாலைச் சிங்கம் இழுத்துச் சென்ற அதே ரயில் பெட்டி இங்கே நிற்கிறது. வெட்டவெளியில் நிறுத்தப்பட்ட நீராவி எஞ்சின்கள் சிலவற்றில் ஏறியும் பார்க்கலாம். நகர மையத்தில் பழைய ரயில் நிலையத்தை ஒட்டியே இருப்பதால், தேசிய அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்க இயலாதவர்கள்கூட இங்கே ஒரு மணி நேரம் வந்து போகலாம்.