வீடு ரிப்பேர் பணம் வந்திருக்குன்னு யாராவது வந்தா கைரேகை வைக்காதீங்க

விழுப்புரம் பக்கம் காலனியில எங்க அம்மா இருக்கிறது தொண்ணூறுகள்ல கட்டின தொகுப்பு வீடு. மழை பெஞ்சா சீலிங்கிலிருந்து காரை பேந்து பாய் மேல விழும். துருப்பிடிச்ச கம்பி வெளியே தெரியுது. 2000-01க்கு முன்னாடி அரசு கட்டிக்கொடுத்த கிராமத்து வீடுகள்ல இரண்டரை லட்சம் வீட்டை 2,000 கோடி ரூபாயில பழுது பார்க்கப்போறதா 2024-ல அறிவிப்பு வந்துச்சு. அன்னையிலிருந்து அம்மா தினமும் அந்தப் பணத்தை எதிர்பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

போன மாசம் ஒருத்தன் வந்தான். கழுத்துல அடையாள அட்டை, கையில டேப். "ஆயா, லிஸ்ட்ல உன் பேரு வந்திருக்கு." சுவரை அளந்தான், கம்பி தெரியுற இடத்தை நிறுத்தி நிதானமா போட்டோ எடுத்தான். அதைப் பாத்துதான் அம்மா நம்பிட்டாங்க. எஸ்டிமேட் போடன்னு 3,000 ரூபாய் வாங்கினான். அப்புறம் பையிலிருந்து சின்ன மிஷின் ஒண்ணை எடுத்து விரலை வைக்கச் சொன்னான். "ரேகை சரியா விழல ஆயா, இன்னொரு வாட்டி வை." அம்மா கட்டைவிரலைச் சேலையில துடைச்சுட்டு மறுபடியும் வச்சாங்க.

அந்த ரெண்டு வாட்டியும் அவங்க கணக்கிலிருந்து பணம் போயிருக்கு. முதல்ல 10,000, அடுத்து 4,500. நூறு நாள் வேலைக் கூலியும் முதியோர் பணமும் சேத்து வச்சது. கணக்கிலிருந்து பணம் எடுக்க ஆதார் நம்பர், பேங்க் பேரு, ரேகை இந்த மூணு போதும். ஓடிபி வராது. இது எனக்கே அன்னைக்குத்தான் தெரியும்.

நாலு நாள் கழிச்சு பாஸ்புக்ல என்ட்ரி போட்டப்போதான் விஷயம் வெளிய வந்துச்சு. நம்ம மேலயும் பேங்க் மேலயும் தப்பு இல்லாம வெளியாள் எடுத்த பணம்னா, பேங்க்லிருந்து தகவல் கிடைச்ச மூணு வேலை நாளுக்குள்ள புகார் கொடுத்தா நஷ்டம் நம்ம தலையில விழாதுன்னு ரிசர்வ் வங்கி 2017-ல விதி கொண்டுவந்துச்சு. "எஸ்எம்எஸ் அன்னைக்கே அனுப்பிட்டோம்"ங்கிறாங்க பேங்க்ல. அது போனது அம்மா விட்டு ரெண்டு வருஷம் ஆன பழைய நம்பருக்கு. இன்னும் அலைஞ்சுக்கிட்டு இருக்கேன்.

பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ்ல போய்க் கேட்டா, பட்டியல்ல அம்மா பேரே இல்ல. யாரையும் அனுப்பலன்னும் சொல்லிட்டாங்க. இதை முதல்லயே கேட்டிருந்தா அஞ்சு நிமிஷ வேலை. ஆபீஸ்ல வாயைத் திறக்கலன்னா பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, 30 நாளுக்குள்ள பதில் தரணும்.

உங்க வீட்டுப் பெரியவங்க ஆதார்ல பயோமெட்ரிக்கை (ரேகை, கண் பதிவை) இன்னைக்கே லாக் பண்ணிடுங்க. ஆதார் ஆணையத்தோட ஆப்லயே முடியும், தேவைப்படும்போது திறந்துக்கலாம். பேங்க்ல இருக்கிற போன் நம்பர் இப்போ ஓடுற நம்பர்தானான்னும் பாருங்க. பணம் போயிருச்சுன்னா உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அடிங்க. உண்மையான அதிகாரியே காசு கேட்டா லஞ்ச ஒழிப்புத் துறைக்கு 1064.

அவன் அடுத்த காலனியிலயும் ரெண்டு வீட்டை அளந்துட்டுப் போயிருக்கான்னு நேத்து சொன்னாங்க. நீல பைக், தோள்ல கறுப்புப் பை, நாப்பது வயசு இருக்கும்.