சுற்றோட்டம் பாடத்துக்கு நாலு சாயங்காலம்: வாசிப்பதா, கைடா, வீடியோவா, மூடி வைத்து எழுதுவதா?

பத்தாம் வகுப்பு உயிரியலில் சுற்றோட்டம் பாடத்துக்கு வெள்ளிக்கிழமை யூனிட் டெஸ்ட் என்று திங்கட்கிழமை வகுப்பில் சொல்லிவிட்டார்கள். கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு ஆசாரத்தில் (முன்கூடத்தில்) சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் படிக்க வருவார்கள். அதில் ஒரு பெண் வந்து உட்கார்ந்ததுமே சொன்னாள்: "அஞ்சு தடவ படிச்சுட்டனுங்க மிஸ். எழுதப் போனா ஒண்ணுமே வரமாட்டேங்குதுங்க."

அவள் சொன்னது உண்மைதான். அந்தப் பாடத்தின் பக்கங்கள் மட்டும் ஓரம் சுருண்டு கிடந்தன. முக்கியமான வரி என்று மஞ்சள் அடிக்க ஆரம்பித்து, கடைசியில் மஞ்சள் படாத வரியே இல்லை. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இதயத்தை வரைந்து பாகம் குறிக்கச் சொன்னேன். வெளிக்கோடு அழகாக வந்தது. பெருந்தமனியின் வளைவுகூட வந்துவிட்டது. ஆனால் மூவிதழ் வால்வை இடது பக்கமும் ஈரிதழ் வால்வை வலது பக்கமும் குறித்திருந்தாள், அப்படியே தலைகீழாக. இத்தனை பாடுபட்ட பிள்ளைக்கு மார்க் கிடைக்காமல் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எந்த முறை எதற்கு உதவும், எங்கே கைவிடும் என்று இத்தனை வருடம் இந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் வாசிப்பு. ஒரு தடவை நிதானமாக, பாடம் முழுவதையும் வாசித்தே ஆக வேண்டும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது. சிக்கல் இரண்டாவது, மூன்றாவது தடவையில்தான் ஆரம்பிக்கிறது. கண் அந்த வரிகளை அடையாளம் கண்டுகொள்கிறது. "இது எனக்குத் தெரியும்" என்று தோன்றுகிறது. தெருவில் தினமும் பார்க்கிற ஆளின் முகம் தெரியும், பேரைக் கேட்டால் வராது, அந்த மாதிரி.

2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கல்லூரி மாணவர்களுக்குச் சின்னச் சின்னப் பாடப்பகுதிகளைக் கொடுத்தார்கள். சூரியனைப் பற்றி ஒன்று, கடல் நீர்நாயைப் பற்றி ஒன்று. ஒரு பகுதியை இரண்டு தடவை வாசித்தார்கள். இன்னொன்றை ஒரு தடவை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்ததே முன்னால் நின்றது: வாசித்ததில் 81 சதவீதம், எழுதியதில் 75 சதவீதம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: வாசித்ததில் 42, எழுதியதில் 56. பள்ளி வாசலில் நின்று கடைசி நிமிடம் புரட்டுகிற பிள்ளைக்குப் புரட்டியது பலன் தருவதும், அதே பாடம் காலாண்டில் வரும்போது முழிப்பதும் ஏன் என்று இந்தக் கணக்கைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

அடுத்து கைடு. இதை மட்டமாகப் பேச மாட்டேன். புக் பேக் கேள்விகள், ஒரு மதிப்பெண், பொருத்துக, இதற்கெல்லாம் கைடு நேரத்தை மிச்சப்படுத்தும். இரத்த வகைகளைக் கண்டுபிடித்தவர் லேண்ட்ஸ்டெய்னர், AB வகையைக் கண்டுபிடித்தவர்கள் டிகாஸ்டெல்லோவும் ஸ்டர்லியும், 1902இல். இப்படிப்பட்டதை வேறு எப்படியும் படிக்க முடியாது, மனதில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் வகுப்புத் தேர்வுக்கு வினாத்தாள் எடுப்பவர் அந்த வகுப்பின் ஆசிரியர். கேள்வியைக் கொஞ்சம் திருப்பித்தான் கேட்பார். "தமனிக்கும் சிரைக்கும் உள்ள வேறுபாடு" என்று அட்டவணை மனப்பாடம் செய்த பிள்ளையிடம், "நுரையீரல் தமனி மற்ற தமனிகளிலிருந்து எப்படி மாறுபடுகிறது?" என்று கேட்டால் பேனா நின்றுவிடும். அதனால் கைடைப் படிப்பதற்கு எடுக்காதீர்கள், எழுதி முடித்த பிறகு திருத்துவதற்கு எடுங்கள்.

வீடியோ நல்லதுதான், ஒரே ஒரு விஷயத்துக்கு: அசைவுக்கு. வால்வு திறந்து மூடுவதையும், இரத்தம் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை இதயத்துக்குள் வந்து போவதையும் அச்சிட்ட படம் காட்டாது. பத்து நிமிட வீடியோ காட்டிவிடும். ஆனால் தமிழ்வழிப் பிள்ளைகள் அதில் அயோர்ட்டா, வீனாகேவா என்று கேட்டுவிட்டு, விடைத்தாளில் பெருந்தமனி, பெருஞ்சிரை என்று எழுத வராமல் தடுமாறுகிறார்கள். பாடப்புத்தகத்தின் சொல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். போனைக் கையில் கொடுத்தால் அடுத்து என்ன ஓடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதை விரிக்க வேண்டாம்.

வீடியோவை விட எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சொல்லி வைத்தால் ஆட்டு இதயம் தனியாக எடுத்துக் கொடுப்பார்கள். போன வருடம் அதே பாடத்தின்போது ஒன்றை வாங்கி வந்து, கழுவி, வாழை இலையில் வைத்து நெடுக்காகக் கீறினேன். ஆட்டுக்கும் நமக்கும் இதயத்தில் நாலு அறைதான். இடது வெண்ட்ரிக்கிளின் (கீழறையின்) சுவரையும் வலது வெண்ட்ரிக்கிளின் சுவரையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். இடது பக்கம் கெட்டியாக, வலதைப் போல இரண்டு மூன்று பங்கு தடிப்பாக இருந்தது. வலது பக்கத்துக்கு வேலை பக்கத்தில் இருக்கிற நுரையீரலுக்குத் தள்ளுவது மட்டும். இடது பக்கம் உச்சந்தலையில் இருந்து கால் விரல் வரைக்கும் தள்ள வேண்டும். உள்ளே வால்வின் இதழ்களைச் சுவரோடு இழுத்துப் பிடித்திருக்கிற வெள்ளை நூல்களை ஒரு பையன் குச்சியால் தூக்கிப் பார்த்தான். வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது இதழ் மேல்பக்கம் பிதுங்கிப் போகாமல் பிடிப்பது அந்த நூல்தான் என்று சொன்னேன். "நெய்யற பாவு நூலாட்டம் இருக்குதுங்க மிஸ்" என்றான். அன்றைக்கு வந்திருந்த பிள்ளைகளில் ஒருவர்கூட அப்புறம் இடது சுவர் ஏன் தடிப்பு என்ற கேள்வியைத் தப்பாக எழுதவில்லை. கறி சாப்பிடாத வீடுகள் இருக்கின்றன, அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

எல்லாப் பாடத்துக்கும் கறிக்கடை உதவாது, சரி. இனக்கலப்புப் பாடத்துக்குக் கரும்புக் காடே போதும். 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். பார்பர், வெங்கட்ராமன் என்ற விஞ்ஞானிகள் அங்கே 'வெள்ளை' என்ற தடித்த கரும்பையும் காட்டுக் கரும்பையும் சேர்த்துக் கோ 205 என்ற கலப்பினத்தை உண்டாக்கினார்கள். அது 1918இல் வெளிவந்தது. ஒன்றிலிருந்து சர்க்கரை, இன்னொன்றிலிருந்து தாங்கும் சக்தி. சத்தி ரோட்டில் கரும்பு லோடு போவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கலப்பினம் என்றால் என்னவென்று இதைவிட எளிதாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பார்த்ததும் புரிந்ததும் விடைத்தாளுக்குத் தானாக வந்துவிடாது. அதற்குத்தான் மூடி வைத்து எழுதுவது. நான் செய்யச் சொல்வது இவ்வளவுதான்: வாசித்த அன்றைக்கே புத்தகத்தை மூடிவிட்டு, ரஃப் நோட்டில் இரத்தம் போகிற வழியை அம்புக்குறி போட்டு எழுதுங்கள். பெருஞ்சிரைகள், வலது ஏட்ரியம் (மேலறை), மூவிதழ் வால்வு, வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல், நுரையீரல் சிரை, இடது ஏட்ரியம், ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி. எங்கே நிற்கிறதோ அங்கேயே ஒரு நிமிடம் யோசியுங்கள். உடனே புத்தகத்தைத் திறக்க வேண்டாம். அந்த ஒரு நிமிடத் திண்டாட்டத்தில்தான் பாடம் உள்ளே இறங்குகிறது. அப்புறம் திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். மறுநாள் புதுத் தாளில் மறுபடியும். மூன்றாவது நாள் சிவப்பு மை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பிள்ளையே எண்ணிப் பார்க்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

கலர் பேனா வைத்து மைண்ட் மேப் போடுவது இப்போது பரவலாக இருக்கிறது. அதே கார்ப்பிக்கியும் பிளண்ட் என்பவரும் 2011இல் அது போன்ற வரைபட முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைபடம் போட்டவர்களைவிட, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களே ஒரு வாரம் கழித்து நன்றாகப் பதில் சொன்னார்கள். படம் போடப் பிடித்த பிள்ளை போடட்டும். புத்தகம் மட்டும் மூடியிருக்கட்டும்.

இதில் ஒரு குறையும் உண்டு. தப்பாகப் புரிந்ததையே தப்பில்லாமல் மூன்று நாள் எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கேதான் ஒப்புவித்தல் கைகொடுக்கிறது. நான் சொல்வது நண்பர்களோடு கூட்டமாகப் படிப்பதை அல்ல. ஐந்து பேர் கூடினால் இரண்டு பேர் படிப்பார்கள். பாடம் தெரியாத ஒருவருக்குச் சொல்லிக் கொடுப்பதைச் சொல்கிறேன். அந்தப் பெண் புதன்கிழமை ராத்திரி அவள் அமுச்சியிடம் (அம்மாவின் அம்மாவிடம்) ஒப்புவித்திருக்கிறாள். தமனி என்றால் நல்ல இரத்தம், சிரை என்றால் கெட்ட இரத்தம் என்று ஆரம்பித்து, வலது வெண்ட்ரிக்கிளில் இருந்து நுரையீரல் தமனி வழியாக இரத்தம் சுத்தமாவதற்காகப் போகிறது என்று சொல்லியிருக்கிறாள். பூண்டு உரித்துக்கொண்டே கேட்ட அமுச்சி நிறுத்தி, "ஏஞ்சாமி, சுத்தமாகறதுக்குத்தான அது போகுது? அப்பறம் அது எப்புடி நல்ல ரத்தமா இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார்.

வியாழக்கிழமை அதைத்தான் என்னிடம் ஓடி வந்து சொன்னாள். இதயத்தில் இருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. உள்ளே ஓடுவது எந்த இரத்தம் என்பது அப்புறம்தான் என்று அவளே பிரித்துச் சொல்லிவிட்டாள். நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

ஆக, நாலு சாயங்காலம் இருந்தால் என் முடிவு இது: முதல் நாள் ஒரு வாசிப்பு, ஒரு வீடியோ, அன்றே ஒரு தடவை மூடி எழுதுவது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் மூடி எழுதுவது, கைடை வைத்துத் திருத்துவது. மூன்றாம் நாள் ராத்திரி வீட்டில் யாரிடமாவது ஒப்புவிப்பது. நாலாம் நாள் ஒரு மதிப்பெண்ணும் படங்களும் மட்டும். ஒரே ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது என்றால் வீடியோவை விட்டுவிடுங்கள். ஒரு வாசிப்பு, இரண்டு தடவை எழுதுவது, பத்து மணிக்குத் தூக்கம். விடிய விடிய உட்கார வைக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை வந்து கேள்வித்தாளைக் காட்டினாள். இதயத்தின் படம் வந்திருந்தது, வால்வுகளைச் சரியாகக் குறித்துவிட்டாளாம். இரத்த வகை அட்டவணையில் A வகைக்கு எதிரே ஆன்டிபாடி கட்டத்தில் B என்று எழுதுவதற்குப் பதில் A என்றே எழுதியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத்தாளோடு வரச் சொல்லியிருக்கிறேன்.