குன்னூரில் ஹோம் கேர்: லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டார்கள், கரி அடுப்பு இருக்கிறதா என்று கேட்கவில்லை

கோயம்புத்தூரில் ஆபீஸ் வைத்துக்கொண்டு நீலகிரிக்கும் ஆள் அனுப்புகிற ஒரு ஹோம் கேர் ஏஜென்சியைப் போன மழைக்காலத்திலிருந்து பயன்படுத்தி வருகிறோம். பெயர் போடவில்லை. அவர்கள் அனுப்பிய பையன் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான், அவன் பிழைப்பைக் கெடுக்க எனக்கு மனமில்லை. எந்த ஏஜென்சியைக் கூப்பிட்டாலும் இதே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம் என்பதற்காக எழுதுகிறேன்.

பராமரிப்பு என் மாமனாருக்கு. 81 வயது, அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. சர்க்கரை அதற்கு வெகுநாள் முன்பிருந்தே உண்டு. நான் பள்ளிக்கூட வேலைக்குப் போகிறேன், வீட்டுக்காரர் வாரக் கடைசியில்தான் மலையேறுவார். ஆள் இல்லாமல் முடியாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பையனுக்கு ஆளைத் தூக்கி உட்கார வைக்கும் பயிற்சியை உருப்படியாகக் கொடுத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியை மாமாவின் வலது பக்கம், அதாவது தெம்பு இருக்கிற பக்கம், கட்டிலை ஒட்டிச் சாய்வாகப் போடுவான். இரண்டு பிரேக்கையும் அழுத்திவிட்டு நாற்காலியை ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பான். கால் வைக்கும் தட்டை மடக்குவான். மாமாவின் இடுப்பில் அகலமான பெல்ட்டைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, மூணு சொன்னதும் எந்திரிக்கணும்" என்பான். விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே மாட்டான். அப்படி இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடும் என்று பிசியோதெரபிஸ்ட் எங்களிடம் தலையால் அடித்துக்கொண்டும் உறவுக்காரர்கள் யாரும் கேட்டபாடில்லை. சாப்பாடு கொடுப்பதிலும் அப்படித்தான். நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்டுவான், சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்க விடமாட்டான். பக்கவாதக்காரர்களுக்குச் சோறு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வருவது சாதாரணம். அந்த வகையில் ஒரு பயமும் இல்லாமல் வேலைக்குப் போய் வருகிறேன்.

அப்புறம் அவர்களுடைய செக்லிஸ்ட். சேர்க்கும்போது போனிலேயே ஒரு படிவம் நிரப்பினார்கள். லிஃப்ட் இருக்கிறதா, எத்தனையாவது மாடி, கேட்டில் வாட்ச்மேன் உண்டா, கார் பார்க்கிங் உண்டா. எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, நாற்பது படி இறங்கி வரவேண்டும், ஸ்ட்ரெச்சர் திரும்ப இடமில்லை என்றேன். "அதுக்கு இதுல கட்டம் இல்லை மேடம்" என்றது அந்தப் பக்கம். 108 வந்தாலும் ரோட்டில்தான் நிற்கும், ஆளைக் கீழேயிருந்து மேலே தூக்கிக்கொண்டு போவது யார், எதில் வைத்து என்று நாங்களே யோசித்து, மடக்குகிற கேன்வாஸ் தூக்கி ஒன்று வாங்கி வைத்தோம். பக்கத்து வீட்டு இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்திருக்கிறோம்.

இனி ஜனவரி விஷயம். பையன் சிவகங்கைப் பக்கம், அதற்கு முன் மலையேறியதே இல்லை. உறைபனி விழும் ஒரு ராத்திரி, தண்ணீர் குடிக்க எழுந்தவள் மாமாவின் அறைக் கதவைத் தள்ளினால் நகரவில்லை. கதவுக்கு அடியில் கம்பளியைச் சுருட்டி அடைத்திருந்தான். முட்டித் திறந்து உள்ளே போனால், கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கரிச்சட்டி. கொல்லையில் வெந்நீருக்கு வைத்திருப்பது. கரி நன்றாகப் பிடித்துச் சிவந்து கிடந்தது, புகையே இல்லை. ஜன்னல் கொண்டியெல்லாம் போட்டிருந்தது. "தாத்தா குளிருதுன்னாரு அக்கா, புகை அடங்கினதும்தான் உள்ள கொண்டாந்தேன்" என்றான். மாமா தலை வலிக்கிறது என்று முனகிக்கொண்டிருந்தார். சட்டியை வெளியே தூக்கிப் போட்டு, ஜன்னல்களைத் திறந்து, இரண்டு பேரையும் ஹாலுக்குக் கொண்டுவந்தேன்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கரி போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி இங்கே எல்லோருக்கும் தெரியும். மூடிய அறையில் காற்றுப் போதாமல் எரிகிற கரி கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். புகை அடங்கிய கரிதான் பத்திரம் என்று பையன் நினைத்தது கீழ்நாட்டுக் கணக்கு.

இதில் என்னை உலுக்கிய இன்னொன்று. ஏஜென்சியின் ஆப்பில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டி அளவைப் பதிய வேண்டும். அன்று இரவும் 96 என்று பதிந்திருந்தான், பச்சை டிக் விழுந்திருந்தது. சாதாரண விரல் ஆக்ஸிமீட்டருக்குக் கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தமும் ஆக்ஸிஜன் உள்ள ரத்தமாகத்தான் தெரியும். ஆள் நினைவிழந்து கிடந்தாலும் அது நல்ல அளவையே காட்டிக்கொண்டிருக்கும். காலையில் சூப்பர்வைசரிடம் இதைச் சொன்னேன். "எங்க ட்ரெய்னிங்ல குளோவ்ஸ், கைகழுவுறது, டயப்பர், லிஃப்டிங் எல்லாம் இருக்கு மேடம், கரி அடுப்பு வராது" என்றார். நீலகிரிக்கு ஆள் அனுப்பிக் காசு வாங்குகிறவர் சொல்கிற பதிலா இது?

வெந்நீர்ப் பையும் இதே கதைதான். சர்க்கரைக்காரர்கள் பலருக்குப் பாதத்தில் சூடு உறைக்காது. கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் காலடியில் வைத்துவிட்டால், கொப்புளம் எழும்பிய பிறகுதான் நமக்கே தெரியும். எங்கள் வீட்டில் இப்போது ராத்திரிக்கு கம்பளி சாக்ஸ்தான், படுக்கையைச் சூடாக்கிவிட்டுப் பையை எடுத்துவிட வேண்டும் என்பது சட்டம்.

குதிகாலில் புண் வரத் தொடங்கியதையும் ஏஜென்சி கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் சூப்பர்வைசர் வாரம் ஒருமுறை வீடியோ காலில் "தாத்தா எப்படி இருக்கீங்க" என்று கேட்டுவிட்டுப் போவார். 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்த நாற்பது படியும் இறங்கி வந்த சிஸ்டர்தான் சாக்ஸைக் கழற்றிப் பார்த்தார். குதிகாலில் எட்டணா அகலத்துக்குச் சிவப்பு. விரலால் அழுத்திவிட்டு எடுத்தார், வெளுக்கவில்லை. அழுத்தியும் வெளுக்காத சிவப்பு என்றால் புண் உள்ளே ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தமாம். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி வைத்துக் காட்டினார். அது ஆறிவிட்டது. ஆனால் காசு வாங்காத இடத்திலிருந்து வந்த கண் பார்த்ததை, மாதம் 28,000 ரூபாயும் ஆளுக்குச் சாப்பாடும் தங்க இடமும் வாங்குகிற இடம் பார்க்கவில்லை.

அந்த 28,000க்கு 24 மணி நேர டியூட்டி என்று பேர். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும் என்று இவர்களே எழுதித் தருகிறார்கள், அதையும் செய்து பகலிலும் ஒரே ஆள் நின்றால் அவன் எப்போது தூங்குவான்? கேட்டால் "தாத்தா தூங்கும்போது அவனும் தூங்கிக்குவான்" என்கிறார்கள். தூக்கம் கெட்ட பையன் பிரேக் போட மறந்தால் அது அவன் தப்பு ஆகாது. ராத்திரிப் புரட்டலில் ஒன்றை நானும், வாரக் கடைசியில் வீட்டுக்காரரும் எடுத்துக்கொண்டோம். பகலில் மூன்று மணி நேரம் அவனுக்கு முழு ஓய்வு, அந்நேரம் பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்காருகிறார், அவருக்குத் தனியாகக் கொடுக்கிறோம். பணம் இருப்பவர்கள் 12 மணி நேரத்துக்கு இரண்டு ஆளாகப் போட்டுக்கொள்வதே சரி.

"ஹோம் நர்ஸ்" என்று போனில் சொல்வதை நம்பிவிடாதீர்கள். வருகிறவர் பெரும்பாலும் அட்டெண்டர். நர்ஸ் என்றால் தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அட்டெண்டர் ஊசி போடக்கூடாது என்று அச்சடித்திருக்கிறது. போனில் கேட்டால் "இன்சுலின்தானே, பையன் போட்டுக்குவான்" என்றார்கள். ஏதாவது ஆனால் எந்த வாக்கியம் செல்லும் என்று உங்களுக்கே தெரியும். இன்சுலினை நானே போடுகிறேன்.

போலீஸ் சரிபார்ப்பு முடிந்த ஆள் என்று சொல்லி ஆதார் ஜெராக்ஸில் ஒரு சீல் குத்தித் தந்தார்கள். சீல் ஏஜென்சியுடையது! காவல்துறையின் இணையதளத்தில் வீட்டு வேலைக்கு வருபவர்களைச் சரிபார்க்க விண்ணப்பிக்க வழி இருக்கிறது, அதன் அறிக்கைதான் வேண்டும் என்று பலமுறை கேட்ட பிறகே வந்தது. பையன் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் பேச்சு குழறுகிற ஒரு வயசாளியை ஒரு முன்பின் தெரியாதவரிடம் விட்டுப் போகிறோம், இதைக் கேட்பதில் கூச்சம் எதற்கு?

இவர்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லையா என்று வீட்டுக்காரர் தேடிப் பார்த்தார். மூத்த குடிமக்களுக்கான 2007 சட்டம் முதியோர் இல்லங்களைப் பற்றிப் பேசுகிறது, வீட்டுக்கு ஆள் அனுப்புகிறவர்களைப் பற்றி இல்லை. 2019 டிசம்பரில் வந்த திருத்த மசோதாவில் ஹோம் கேர் நிறுவனங்களுக்குப் பதிவும் குறைந்தபட்சத் தரமும் வைக்க இருந்தார்கள். அது நிறைவேறாமலே 2024இல் அந்த மக்களவையோடு காலாவதியாகிவிட்டது. வயசாளிகளை யாராவது கொடுமைப்படுத்தினால் 14567 என்ற இலவச உதவி எண் இருக்கிறது, அதை மாமாவின் கட்டிலருகே பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறோம். பையனும் படிக்கட்டும் என்றுதான்.

மாற்று ஆள் 24 மணி நேரத்தில் என்ற வாக்குறுதியை மலைக்காரர்கள் கணக்கில் எடுக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் பஸ்ஸே வராது, கோத்தகிரி சுற்றி வரவும் யாரும் தயாராக இல்லை. பையன் ஊருக்குப் போன சமயம் அப்படித்தான் நடந்தது, நான் லீவு போட்டேன்.

சேவைக்கு ஐந்தில் மூன்று. பையனுக்கு மட்டும் என்றால் நாலரை. அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். மூடிய அறையில் கரி அடுப்பு கூடாது, மாதம் ஒருமுறை சூப்பர்வைசர் நேரில் வந்து சாக்ஸைக் கழற்றிப் பார்க்க வேண்டும், மழைக்காலத்துக்கு மாற்று ஆள் மலையிலேயே இருக்க வேண்டும் என்று மூன்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதலாவதற்கு ஒப்புக்கொண்டார்கள். மற்ற இரண்டுக்கும் கோயம்புத்தூரில் கேட்டுச் சொல்கிறார்களாம். ஊட்டியிலோ கோத்தகிரியிலோ சொந்தமாக சூப்பர்வைசர் வைத்திருக்கும் ஏஜென்சி தெரிந்தவர்கள் சொன்னால் அதற்குள் பேசிப் பார்த்துவிடுவேன்.