ஜாகுவார் இ-டைப்பா, லோட்டஸ் எலிஸா?

1961 ஜெனீவா கார் கண்காட்சியில் வந்திறங்கிய இ-டைப்பைப் பார்த்ததும் சொக்கிப்போகாதவர் குறைவு. 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். 265 குதிரைத்திறன் என்றது ஜாகுவார். உச்சவேகம் மணிக்கு 240 கிமீ என்ற கணக்கு மட்டும் பத்திரிகைகளுக்குக் கொடுத்த கார்களுக்கே பொருந்தும், கடையில் வாங்கியவை கொஞ்சம் பின்தங்கின. உடலை வடித்த மால்கம் சேயர் விமானத் துறையிலிருந்து வந்தவர். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்தே முன்பக்கமாகக் கவிழும். எஞ்சின் முழுசாகக் கண்ணில் படும். ஆரம்பகால கியர்பாக்ஸ்தான் தலைவலி. முதல் கியரில் சின்க்ரோமெஷ் (பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்து கியர் சுலபமாக விழவைக்கும் அமைப்பு) கிடையாது, அவசரப்பட்டால் கரகரவென்று கத்தும். 1964-இல் வந்த 4.2 லிட்டர் மாடலில் அந்தத் தொல்லை தீர்ந்தது.

1996-இல் வந்த எலிஸில் 1.8 லிட்டர் ரோவர் எஞ்சின், 118 குதிரைத்திறன்தான். ஆனால் எடை சுமார் 725 கிலோ. ஜாகுவாரோ 1,200-க்கு மேல். அலுமினியச் சட்டங்களை வெல்டிங் இல்லாமல் பசை போட்டு ஒட்டிய சேஸி, அதாவது வண்டியின் அடிக்கூடு, வெறும் 68 கிலோ! அதன் பலனை வளைவில் பார்க்கலாம்: ஸ்டியரிங்கைத் தொட்டாலே வண்டி திரும்பும். ஏறி இறங்குவது மட்டும் யோகாசனம். ரோவர் எஞ்சினின் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) பேர்போன பலவீனம், வாங்குமுன் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தைப் பாருங்கள்.

நெடுஞ்சாலையில் நிதானமாகப் போக ஜாகுவார். ஓட்டுவதுதான் குறி என்றால், என் ஓட்டு எலிஸுக்கே. பழைய இ-டைப்பைச் சீரமைக்கும் செலவு சொத்தையே கரைத்துவிடும்.