கல்லடி வெக்கையில் ஹார்ட் டிஸ்க்குகள்: சில ஆண்டு அனுபவம்

மட்டக்களப்பின் கல்லடியில் ஹார்ட் டிஸ்க் 30 பாகையில் ஓட வேண்டும் என்று ஆசைப்படுபவர் முதலில் அறைக்கு ஏசி பூட்டிக்கொள்ள வேண்டும். கச்சான் என்ற வறண்ட வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் என் வேலையறையே மத்தியானத்தில் 33, 34 பாகை செல்சியஸ் காட்டும். கணினிப் பெட்டியான கேசிங்குக்குள் எத்தனை விசிறி பூட்டினாலும் டிஸ்க்கின் வெப்பம் அறை வெப்பத்துக்குக் கீழே இறங்காது. ஆகவே நான் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். இரவு முழுக்க எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க் அறையைவிடப் பத்துப் பாகை கூடுதலாக நின்றால் எனக்குத் திருப்தி.

தொழில் வீடியோ. கண்ணகியம்மன் சடங்கு வைகாசியில் வருகிறது, மாமாங்கேஸ்வரர் தீர்த்தம் ஆடி அமாவாசையில் வருகிறது. ஊரில் கமராவுக்கு ஓய்வில்லாத காலமும் வெக்கை உச்சத்தில் நிற்கும் காலமும் ஒன்றுதான். இறக்கிய காட்சிகளை இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுக்காமல் நான் படுப்பதில்லை. கணினியில் 3.5 அங்குல டிஸ்க்குகள் மூன்று இருக்கின்றன. எல்லாமே நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடுபவை.

கேசிங் வந்த கோலத்தில் மூன்றும் ஒரே கூட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. பின்பக்கம் ஒரு விசிறி, முன்பக்கம் வெறுமை. பெரிய பிரதி ஓடும்போது நடு டிஸ்க் 54 பாகை வரை போனது. இத்தகைய டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் எல்லை பெரும்பாலும் 60 பாகை. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருள் 50 பாகையிலேயே எச்சரிக்கை மஞ்சள் காட்டத் தொடங்கிவிடும்.

இந்த எண்களைப் பார்த்து அதிகம் பதறவும் வேண்டியதில்லை. கூகுள் பொறியியலாளர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், வெப்பத்துக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு தென்படவில்லை. மிகக் குளிர்ந்த டிஸ்க்குகள்கூட அதிகமாகப் பழுதாகியிருந்தன. ஆனால் மூன்று, நான்கு வயதான டிஸ்க்குகளில் வெப்பம் ஏற ஏறப் பழுதும் ஏறியது தெளிவாகவே தெரிந்தது. நம் பக்கத்தில் மூன்று வயதில் டிஸ்க்கை யார் மாற்றுகிறார்கள்? என்னிடம் இருப்பவற்றில் இளையதே அந்த வயதைத் தாண்டிவிட்டது.

முதலில் மேற்பக்கம் இன்னொரு வெளியேற்று விசிறி பூட்டிப் பார்த்தேன். ஒரு பாகை குறைந்ததோ இல்லையோ, சத்தம் மட்டும் கூடியது. காற்று தனக்கு இலேசான வழியால்தான் போகும். பின்னால் எவ்வளவு இழுத்தாலும், டிஸ்க்குகளுக்கு இடையிலான ஒடுங்கிய இடுக்கைவிட மற்ற ஓட்டைகள் அதற்கு வசதி. பிறகு கூட்டுக்கு நேர் முன்னால் 120 மி.மீ. விசிறி ஒன்றை உள்நோக்கி ஊதும்படி வைத்தேன். டிஸ்க்குகளுக்கு நடுவே ஒவ்வொரு தட்டு இடைவெளியும் விட்டேன். அதே வேலைக்கு நடு டிஸ்க் 43, 44இல் நின்றது. ஒரு டிஸ்க் வேலை செய்யும்போது ஏழெட்டு வாட்தான் எடுக்கிறது. அந்தச் சூட்டைக் கொண்டுபோகப் புயல் தேவையில்லை. நிமிடத்துக்கு 800 சுற்றில் சுழலும் விசிறியே போதும்.

ஆனாலும் சில இரவுகளில் வெப்பம் திரும்ப 50ஐத் தொட்டது. காரணம் பிடிபடக் கொஞ்சக் காலம் எடுத்தது. விசிறியின் வேகத்தை மதர்போர்ட் தீர்மானிப்பது புரொசசரின் சூட்டைப் பார்த்து. வீடியோ தொகுக்கும்போது புரொசசர் கொதிக்கும், விசிறி வேகமாகச் சுழலும், டிஸ்க்குகளும் குளிர்ந்து கிடக்கும். பிரதி எடுக்கும்போது புரொசசருக்கு வேலையே இல்லை. அந்த நேரம் பார்த்து விசிறி ஓய்வெடுக்க, டிஸ்க்குகள் தனியாக வேகும். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயோஸில் முன் விசிறியை நிலையான வேகத்தில் வைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. டிஸ்க்கின் வெப்பத்தைப் பார்த்து வேகம் மாற்றும் இலவச மென்பொருள்களும் உண்டு. எனக்கு பயோஸ் வழிதான் நம்பிக்கை, விண்டோஸ் சிக்கி நின்றாலும் விசிறி நிற்காது.

நகரத்தில் பல ஸ்டூடியோக்களில் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியைத் திருப்பி வைத்திருப்பார்கள். வெப்பம் குறையும், மறுக்கவில்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற கல்லடியில் அந்தக் காற்றோடு உப்பும் நுண்மணலும் சேர்ந்தே வரும். எனக்குத் தெரிந்த ஒருவரின் கணினியில் டிஸ்க் அடிக்கடி காணாமல்போய்த் திரும்பி வந்தது. டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199ஆம் எண்ணுக்குரிய பிழை ஏறிக்கொண்டே போனது. அது பெரும்பாலும் கேபிளையும் இணைப்பையும் குறிக்கும் பிழை. திறந்து பார்த்தால், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் முனைகளில் கறுப்புப் படிவு. ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்துப் புதுக் கேபிள் போட்டதும் டிஸ்க் ஒழுங்காக வேலை செய்தது. அவர் அதற்குள் டிஸ்க்கே செத்துவிட்டதென்று புதியதற்கு முற்பணம் கொடுத்திருந்தார்.

என் கேசிங்கின் தகடுகள் எப்போதும் மூடியே இருக்கும். முன் விசிறிக்கு வெளியே கழற்றிக் கழுவக்கூடிய வலை போட்டிருக்கிறேன். கச்சான் மாதங்களில் அதை அடிக்கடி கழுவாவிட்டால் வெப்பமானியே சொல்லிக்கொடுத்துவிடும்: இரண்டு மூன்று பாகை மெதுவாக ஏறியிருக்கும். மாரியில் தூசு குறைவு, ஈரம் அதிகம். அப்போது கணினியை நாட்கணக்காக அணைத்து வைக்காமல் தினமும் கொஞ்ச நேரமாவது ஓட விடுகிறேன்.

மிகக் கடுமையான சோதனை 2022 மார்ச் கடைசியில் வந்தது. மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை போன காலம் அது. மின்சாரம் வந்த சில மணி நேரத்துக்குள் எல்லாப் பிரதியையும் முடிக்க வேண்டியிருந்தது. மூன்று டிஸ்க்கும் ஒரே நேரத்தில் ஓடியும் 46ஐத் தாண்டவில்லை. யூ.எஸ்.பி. வழியாகச் செருகும் வெளி டிஸ்க்தான் அப்போது தொட முடியாத சூட்டில் இருந்தது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைபட்டிருப்பதற்குக் காற்று எங்கிருந்து வரும்?

விசிறி மலிவானதாக வாங்கினால் கடற்கரைப் பக்கம் சீக்கிரமே அரைக்கத் தொடங்கும். என் முதல் விசிறி அப்படித்தான் போனது. இப்போது இருப்பது திரவத் தாங்கி உள்ளது. விலை இரண்டு மடங்குக்கு மேல், சத்தம் இன்றுவரை இல்லை. கேசிங் வாங்கப் போகிறவர்கள் முகப்புக் கண்ணாடியைப் பார்த்து மயங்காமல், டிஸ்க் கூடு எங்கே இருக்கிறது என்று கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். புதிய கேசிங்குகள் பலவற்றில் அது அடியில், பவர் சப்ளைக்குப் பக்கத்தில், கேபிள் குவியலுக்குள் கிடக்கிறது. அங்கே ஒரு டிஸ்க்குக்குமேல் நான் வைக்கமாட்டேன்.